குடிலுக்குள்ளும் உறைபனி இறங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசுமைக் குடில் போட்டுவிட்டால் மலையில் பனிக்காலத்திலும் காய்கறிக்குக் கவலையில்லை என்ற பொருளில் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. குடிலின் அளவு, குழாயின் கனம், மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முறை எல்லாம் அதில் இருந்தன. இரவில் அந்தக் குடிலுக்குள் என்ன நடக்கும் என்பது மட்டும் இல்லை. நீலகிரி போன்ற இடத்தில் அதுதான் முதலில் தெரிய வேண்டியது. சூடேற்றாத, ஒற்றைப் பாலித்தீன் தாள் போர்த்திய குடில், காற்று அசையாத தெளிந்த இரவில் வெளியைக் காட்டிலும் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகவே குளிர்ந்துபோவதுண்டு. அதை நம்பி டிசம்பரில் தக்காளி நட்டவர்கள் ஜனவரியில் கருகிய செடியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

காரணம் சிக்கலானதல்ல. பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பிவிடுகிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் திரும்பி வருவது வெகுவாகக் குறையும். கண்ணாடி இந்தக் கதிரைத் தடுக்கும். நாம் போடும் சாதாரண பாலித்தீன் தாள் பெரும்பகுதியைக் கடத்திவிடும். ஆக, தாளுக்குக் கீழே இருக்கும் செடியும் வானத்தைப் பார்த்தபடியேதான் நிற்கிறது. வெளியில் நிற்கும் செடிக்காவது மேலடுக்கில் மிதக்கும் வெப்பக் காற்று அவ்வப்போது கலந்து கீழே வரும். மூடிய குடிலுக்குள் அந்தக் கலப்பும் நின்றுவிடுகிறது.

தாளின் உட்புறம் வியர்வை கோத்துவிட்டால் நிலைமை கொஞ்சம் மாறும். நீர்ப்படலம் அகச்சிவப்பைத் தடுக்கக்கூடியது. ஆனால் அதே நீர் விடியற்காலையில் இலைமேல் சொட்டிப் பூசணத்துக்கு வழிசெய்யும். கடையில் 200 மைக்ரான், அதாவது 800 கேஜ், புற ஊதாக் கதிர் தாங்கும் தாள் என்று கேட்டு வாங்குகிறார்கள். அத்துடன் ‘அகச்சிவப்பைத் தடுக்கும் சேர்மானம் உள்ளதா’ என்றும் கேட்க வேண்டும். சேர்மானம் உள்ள தாளுக்கு விலை கூடுதல்தான். ஊட்டி உயரத்தில் அந்தக் கூடுதல் தொகை வீண் போகாது, சமவெளியில் போகும்.

இன்னொரு குழப்பம் தட்பவெப்பச் செய்தியில் இருக்கிறது. ‘ஊட்டியில் 3 டிகிரி’ என்று செய்தி வந்தால், பூஜ்யத்துக்கு மேல்தானே, பயிருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பது இயல்பு. அந்த 3 டிகிரி, வானிலை நிலையத்தின் நிழற்பெட்டிக்குள் நாலடி உயரத்தில் அளந்த காற்றின் வெப்பம். அதே நேரத்தில் புல்லின் தலையில் அதைவிட 3 முதல் 5 டிகிரி குறைவாக இருக்கும். லெட்டூஸும் கேரட் தழையும் இருப்பது புல்லின் உயரத்தில்தான். காற்று 3 டிகிரி காட்டும்போதே ஊட்டியை அடுத்த தலைகுந்தாவின் புல்வெளி வெளுத்துக் கிடப்பது இதனால்தான். காருக்கு மேல் படிந்த பனியைச் சுரண்டும் சுற்றுலாப் பயணிகளின் படத்தோடு செய்தி போடும்போது, புல்மட்ட வெப்பத்தையும் ஒரு வரி சேர்த்தால் விவசாயிக்கு உதவும். முந்தைய நாள் மாலையில் வானம் தெளிந்திருக்குமா, காற்று இருக்குமா என்ற முன்னறிவிப்பைப் போட்டால் இன்னும் நல்லது. பனி விழுந்த பிறகு கிடைக்கும் தகவலை வைத்துக்கொண்டு போர்வை போட முடியாது.

அதுவரை அவரவர் தோட்டத்துக்கு உச்ச, தாழ் அளவுகள் இரண்டையும் குறித்து வைக்கும் வெப்பமானி ஒன்று வேண்டும். அதைச் சுவரில் மாட்டாமல், பாத்தியின் நடுவே, இலை இருக்கும் உயரத்தில், வானம் தெரியும்படி ஒரு குச்சியில் கட்ட வேண்டும். குடில் இருந்தால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒரு வாரம் பார்த்தாலே உங்கள் குடில் எத்தனை டிகிரி காப்பாற்றுகிறது, அல்லது காப்பாற்றவில்லை என்பது தெரிந்துவிடும்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் என்று ஊருக்கு ஊர் கணக்குப் பார்க்கிறோம். ஒரே தோட்டத்தில் மேல் அடுக்குக்கும் ஓடைக்கரை அடுக்குக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. சரிவின் அடியில் அடர்ந்த உயிர்வேலியோ, கல் மதிலோ, சரிவுக்குக் குறுக்கே நீளவாட்டில் போட்ட குடிலோ இருந்தால், இறங்கிவரும் குளிர் அங்கே அணை கட்டியதுபோல் நிற்கும். வேலியின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு மூன்றடி அகலத்துக்கு இடைவெளி விட்டால் அது வடிந்துபோகும். மேல்பக்கத்தில் அடர்ந்த வேலி இருப்பது நல்லது. வரும் குளிர்காற்றை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். நீர் வசதிக்காகப் பள்ளத்தில் நாற்றங்கால் போடும் வழக்கத்தை, உறைபனி மாதங்களுக்காவது மாற்றி நடுச்சரிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

உறைபனியைத் தடுக்க வானத்தை மறைத்தால் போதும் என்பதற்கு நம் ஊரிலேயே பழைய சான்று இருக்கிறது. 1848-இல் உருவான ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்ததும் மலர்ப் பாத்திகளின் மேல் கோத்தகிரி மலார் செடிகளை வெட்டிவந்து கவிழ்த்து வைப்பார்கள். கிளைகளுக்கு இடையே காற்றும் வெளிச்சமும் போகும். இரவில் மண்ணிலிருந்து எழும் சூட்டைத் தழை வாங்கிக்கொண்டு, தானும் சற்றுக் கதகதப்பாக இருந்து, கீழுள்ள நாற்றைக் காக்கும். பனி தழையின் மேல் படிந்து அங்கேயே கரைந்துவிடும். வீட்டுத் தோட்டத்துக்கும் இதைச் செய்யலாம். செலவு ஒரு அரிவாளும் அரை நாள் வேலையும்தான். தழை காய்ந்து உதிரத் தொடங்கியதும் மாற்ற வேண்டும். மட்கிய தழைக்கு அடியில் நத்தை சேரும்.

தழைக்கு மாற்றாக இப்போது கிடைப்பது நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணி. கடைகளில் ‘க்ராப் கவர்’ என்று கேட்டால் தருவார்கள். சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ளது ஒரு டிகிரி, மிஞ்சிப்போனால் இரண்டு டிகிரி காக்கும். வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். 30 கிராம் துணி இரண்டு மூன்று டிகிரி காக்கும். வெளிச்சம் கால் பங்குக்கு மேல் குறையும். கனத்த துணியைப் பகலில் விலக்கியே ஆக வேண்டும் என்பதால், ஆள் இல்லாத தோட்டத்துக்கு மெல்லியதை இரட்டையாகப் போட்டு, காலையில் ஒன்றை மட்டும் எடுப்பது எளிது.

துணி இலையைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் ஈரம் உறைந்து அந்த இலை கருகும். மூன்றடி அகலப் பாத்திக்கு அரை அங்குலக் கருப்புக் குழாயை ஆறடி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் எட்டு அங்குலம் மண்ணுக்குள் செருகினால் நடுவில் ஒன்றரை அடி உயரம் கிடைக்கும். நாலடிக்கு ஒரு வளைவு போதும். வளைவுகளின் தலையை ஒரு கயிற்றால் இணைத்து, இரு முனையிலும் முளையடித்து இழுத்துக் கட்டினால் துணி தொய்யாது. துணி இரண்டு மீட்டர் அகலம் இருந்தால் இரு ஓரத்திலும் ஓரடி மிச்சம் வரும்; அதன்மேல் மண்ணையோ கல்லையோ வைக்கலாம். ஓரம் மண்ணைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றால் பயனில்லை, ஏனென்றால் நாம் பிடித்துவைக்க நினைப்பது மண்ணிலிருந்து வரும் சூட்டை. இதே காரணத்தால், சிறு மரங்களுக்குத் துணியைப் போர்த்தி, தண்டோடு சேர்த்து முடிச்சுப் போடுவதும் தவறு. துணி தரை வரை கூடாரமாக இறங்க வேண்டும்.

பழைய பருத்திப் புடவை, கோணிச் சாக்கு எதுவானாலும் இந்த வளைவின் மேல் போடலாம். அவை ஈரம் குடித்துக் கனத்துத் தொங்கும் என்பதால் வளைவுகளை இரண்டடிக்கு ஒன்றாக நெருக்க வேண்டும். ஒன்றிரண்டு நாற்றுகளுக்கு, மூன்று நான்கு தாள்களைச் சேர்த்துக் கூம்பாகச் சுருட்டிக் கவிழ்த்த செய்தித்தாளே போதும். தங்கள் நாளிதழுக்கு மாலையிலும் ஒரு வேலை இருக்கிறது. இணையத்தில் சொல்கிறபடி தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கவிழ்க்கும் யோசனையைப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உள்ள இந்த மாவட்டத்தில் எழுதிப் பயனில்லை.

இனி குடில். சூடேற்றாத குடிலில் பனிக்காலப் பயிர் வேண்டுமென்றால், மேலே சொன்ன துணி வளைவைக் குடிலுக்கு உள்ளேயும் பாத்திமேல் போட வேண்டும். வெளித்தாள் காற்றையும் மழையையும் பார்த்துக்கொள்ளும். உள்துணி வானத்தை மறைக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வெளியைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதல் என்று சொல்லத் தகுந்த பலன் கிடைக்கும். துணியை மாலை நாலு மணிக்குள், மண்ணில் சூடு இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும். இருட்டிய பிறகு போர்த்தினால் குளிர்ந்துபோன மண்ணைத்தான் போர்த்துகிறோம்.

கருப்புப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்தால் குடில் இரவெல்லாம் சூடாக இருக்கும் என்று வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பலர் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி ஆறினால் வெளிவரும் சூடு, மின்சாரக் கணக்கில் சுமார் 1.2 யூனிட். பத்தடிக்கு இருபதடிக் குடிலுக்குச் சுவரும் கூரையுமாக ஏறக்குறைய 60 சதுர மீட்டர் தாள் இருக்கும். வெளியைவிட நாலு டிகிரி கூடுதலாக இரவு முழுக்க வைத்திருக்க வேண்டுமென்றால் 17 யூனிட் வேண்டும். அதாவது பதினான்கு பதினைந்து பீப்பாய். குடிலின் கால் பங்கு இடம் அதற்கே போய்விடும். ஒரு மூலையில் ஒரே ஒரு பீப்பாய் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதில் அர்த்தமில்லை. பீப்பாய் வைப்பதானால் உள்துணியின் கீழே, நாற்றுத்தட்டு வைக்கும் பலகைக்குக் காலாக வையுங்கள். அந்தச் சிறிய இடத்துக்கு அது உதவும்.

அதைவிடப் பெரிய சேமிப்பு காலடியில் இருக்கிறது. அதே குடிலின் தரையில் மேல் இருபது சென்டிமீட்டர் ஈரமண், ஒரு டிகிரி ஆறினாலே இரண்டரை யூனிட் தரும். இரண்டு பீப்பாய் ஐந்து டிகிரி ஆறுவதற்கு அது சமம். மண் காய்ந்திருந்தால் அதில் பாதிதான். காய்ந்த மண்ணுக்குள் காற்று நிறைந்திருப்பதால், உள்ளே இருக்கும் சூடு மேலே வருவதும் தடைபடும். ஆகவே பனி எதிர்பார்க்கும் நாளில், முற்பகல் பதினோரு மணிக்குள் பாத்தியில் நீர் பாய்ச்சி, வெயில் அந்த ஈர மண்ணைச் சூடேற்ற விடுங்கள். நடைபாதையையும் நனையுங்கள், அதுவும் சூடு சேமிக்கும் நிலம்தான். இலைமேல் படாமல், சொட்டுக் குழாயிலோ வாய்க்காலிலோ விட வேண்டும். மாலையில் நீர் விடுவதுதான் கெடுதல்.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. குளிருக்குப் போர்வை என்று வைக்கோலையும் சருகையும் செடியைச் சுற்றிக் கனமாகப் பரப்புகிறார்கள். வேர் குளிர்ந்து உறையும் நாடுகளுக்கு அது சரி. நம் மலையில் வேர் உறைவதில்லை, உறைவது இலை. மூடாக்கு மண்ணின் சூட்டைக் கீழேயே அடைத்துவிடுவதால், அதன் மேற்பரப்பும் அதை ஒட்டிய இலையும் வெறும் மண்ணில் இருப்பதைவிடக் கூடுதலாகக் குளிரும். ஸ்ட்ராபெரிப் பாத்தியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் மூடாக்கை ஒதுக்கி, மண்ணைக் கொத்தாமல் இறுக்கமாகவும் ஈரமாகவும் வைத்து, மார்ச் மாத வறட்சிக்கு மீண்டும் பரப்புவதே இங்கே பொருந்தும்.

வெளிநாட்டுக் குறிப்புகள் நம்மைத் தடம் மாற்றுவது இன்னொரு விஷயத்தில். லண்டனில் டிசம்பர் நடுவில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான் ஏறும். பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் செடி வளர்வதையே ஏறக்குறைய நிறுத்திவிடும் என்பது அங்கே பெரிய கவலை. ஊட்டியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டியது. நண்பகல் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். நமக்கு வெளிச்சப் பஞ்சம் கிடையாது. இரவு பூஜ்யத்தைத் தொட்ட அதே நாளில் மூடிய குடில் பதினோரு மணிக்கெல்லாம் 30 டிகிரியைத் தாண்டும். ‘குளிர்காலம் முழுக்க மூடியே வை’ என்ற ஆங்கிலேயத் தோட்ட யோசனையை இங்கே பின்பற்றினால் லெட்டூஸ் கசந்து, பூத்தண்டு விட்டு, பிறகு அழுகும்.

காலை எட்டரை மணியிலிருந்து ஒன்பதுக்குள், இலையில் ஈரம் இருக்கும்போதே, பக்கத் திரையையும் கூரைத் திறப்பையும் திறந்துவிட வேண்டும். உள்ளே கதகதப்பாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் சூடேறட்டும் என்று தாமதிப்பதுதான் சாம்பல் பூசணத்துக்கு வரவேற்பு. 15 முதல் 20 டிகிரி வெப்பமும் பல மணி நேர இலை ஈரமும் சேர்ந்தால் அது ஸ்ட்ராபெரிப் பழத்திலும் தக்காளித் தண்டிலும் பிடித்துக்கொள்ளும். பிறகு மருந்து அடித்துப் பெரிய பயனில்லை. பிடித்த பாகத்தை வெட்டி வெளியேற்றிக் காற்றோட்டத்தைக் கூட்டுவதே வழி. திறப்புகளின் மொத்தப் பரப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பூச்சி வலை கட்டினால் காற்று குறையும், அதற்கேற்பத் திறப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிற்பகல் மூன்று, மூன்றரைக்கு மூடிவிடலாம். மலை மறைத்து நாலு மணிக்கே வெயில் போய்விடும் பள்ளங்களில் இன்னும் முன்னதாக.

பெரிய குடில் இல்லாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது கண்ணாடி மூடிய நாற்றுப்பெட்டி. பழைய வீடுகளை இடிக்கும்போது கழற்றிய ஜன்னல் சட்டங்கள் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். நாலடிக்கு மூன்றடியில் செங்கல்லை மண் சாந்தில் அடுக்கி, பின்சுவர் ஒன்றரை அடி, முன்சுவர் ஓரடி உயரம் வைத்து மேலே சட்டத்தைக் கீலில் மாட்டலாம். சூரியன் உயரத்தில் இருப்பதால் சரிவு வெயிலுக்காகத் தேவைப்படாது. மழைநீரும் உட்புற வியர்வையும் இலைமேல் சொட்டாமல் ஓரத்துக்கு வழிந்தோடவே அது. பகலில் சட்டத்தைத் தூக்கி நிறுத்த, படிப்படியாக வெட்டிய மரக்கட்டை ஒன்று வேண்டும். இரவில் கண்ணாடிக்கு மேல் இரட்டைச் சாக்கு. செங்கல் சுவர் பகல் சூட்டை வாங்கி வைக்கும். அதே விலைக்கு வாங்கும் பாலித்தீன் கூண்டைவிட இது பல மடங்கு உழைக்கும். காட்டெருமை ஏறி மிதித்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான்.

எதை வளர்ப்பது? 2,000 மீட்டருக்கு மேல் சூடேற்றாத குடிலில் டிசம்பர், ஜனவரிக் குடைமிளகாய் வேண்டாம் என்பதே என் கருத்து. செடி சாகாது, ஆனால் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் பழுதாகிப் பூ உதிரும், தப்பிப் பிடித்த காய் கோணலாகும். தக்காளிக்கு அந்த எல்லை 13 டிகிரி. குன்னூர், கோத்தகிரி உயரத்தில் உள்துணியோடு முயலலாம். சுகினியும் பீன்ஸும் முதல் உறைபனியிலேயே போய்விடும். பட்டாணித் தழை லேசான பனியைத் தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. ஆகவே பூக்கும் காலம் பிப்ரவரி இறுதிக்குத் தள்ளிப்போகும்படி விதைக்க வேண்டும். லெட்டூஸ், பாலக், பார்ஸ்லி, லீக்ஸ், புரோக்கோலி, முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் இவைதான் இந்தக் காலத்துக்கு உரியவை. கேரட்டின் தழை கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். குளிரில் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால் ஜனவரிக் கேரட்டும் கோஸும் இனிக்கும்.

இந்தப் பயிர்களிலும் பூத்தண்டு விடும் ஆபத்து உண்டு. முட்டைக்கோஸ் நாற்றின் தண்டு பென்சில் கனத்தைத் தாண்டிய பிறகு பல வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால், தலை கட்டாமல் பூக்கும். சிறிய நாற்றுக்கு அந்தக் குளிர் உறைக்காது. செலரி இன்னும் மோசம். இளம் செடியிலேயே 13 டிகிரிக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தாலே போதும். ஒன்று, செப்டம்பர் இறுதியில் விதைத்து டிசம்பர் நடுவுக்குள் முக்கால் வளர்ச்சி பெற வைக்க வேண்டும். அல்லது ஜனவரி கடைசியில் நாற்றுவிட்டு, பனி முடிந்து நட வேண்டும். இடையில் நவம்பரில் விதைப்பவர்கள்தான் இரண்டு பக்கமும் அடிபடுகிறார்கள்.

நாற்று விடுவதில் அடிச்சூடுதான் எல்லாம். தக்காளி விதை 25 டிகிரியில் ஆறு நாளில் முளைக்கும். 15 டிகிரியில் இரண்டு வாரம். 10 டிகிரியில் ஒன்றரை மாதம் வரை இழுக்கும், அதற்குள் பாதி அழுகிவிடும். லெட்டூஸ் 10 டிகிரியிலும் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆகவே தக்காளி, மிளகாய்க் குழித்தட்டுகளை முளைக்கும் வரை வீட்டுக்குள், சமையலறையில் அடுப்புக்கு அருகில் அடுக்கிவைத்து, முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாள் தவறினாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும். தென்னை நார்க்கழிவைப் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் வைத்தால் நாற்றழுகல் குறையும். குழித்தட்டிலோ பையிலோ உருளைக்கிழங்கு விளைந்த வயல் மண்ணைப் போடாதீர்கள். 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளை முட்டைக்கூடு நூற்புழு தக்காளியையும் கத்தரியையும் தாக்கும். அதைக் குடிலுக்குள் கொண்டுவந்துவிட்டால் பிறகு வெளியேற்ற முடியாது.

குளிரில் இலை ஊதாநிறமாவதைப் பார்த்து நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாததே பெரும்பாலும் காரணம். மண் சூடானால் தானே சரியாகும். யூரியாவும் தொழு உரமும் நைட்ரேட்டாக மாற்றப்பட்ட பிறகே பெரும்பாலான காய்கறிகளுக்கு நன்றாகப் பயன்படும். மண் 10 டிகிரிக்குக் கீழே போனால் அந்த மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை தெரிந்தால் கால்சியம் நைட்ரேட்டைச் சிறிதளவு நீரில் கரைத்து விடலாம். யூரியாவை இரட்டிப்பாக்கினால் பிப்ரவரியில் எல்லாம் ஒன்றாக வேலை செய்து, தழை மட்டும் கொழுத்து நிற்கும்.

ஸ்பிரிங்க்ளரால் பனியைக் கழுவுவது பற்றித் தங்கள் கட்டுரை ஒரு வரியில் சொல்லிச் செல்கிறது. அது பாதி உண்மை. நீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி சூட்டை வெளிவிடும், அதுதான் செடியைக் காக்கிறது. ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது 600 கலோரிக்குக் கிட்டத்தட்ட எடுத்துக்கொண்டு போகும். தெளிப்பு நின்ற கணமே ஆவியாதல் கை ஓங்கி, நனையாத செடியைவிட நனைந்த செடி கூடுதலாகக் குளிரும். நள்ளிரவில் தொடங்கினால் காலையில் பனிக்கட்டி தானாக உருகி விழும் வரை நிறுத்தவே கூடாது. மணிக்கு மூன்று மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 12,000 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு லட்சம் லிட்டரை நெருங்கும். அவ்வளவு நீரும் தடையில்லாத மின்சாரமும் இல்லாதவர்கள் இரவில் தொடங்க வேண்டாம். விடியலில் கழுவுவதானால், வெயில் இலையில் விழுவதற்குச் சற்று முன் ஆரம்பித்து, சொட்டும் நீர் உறையாமல் ஓடும் வரை விடுங்கள். நாலு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் தெளித்துவிட்டுப் போய்ப் படுப்பது பயிரைக் கொல்வதற்குச் சமம்.

சருகு கொளுத்திப் புகை போடுவதால் பயனில்லை. புகைத் துகள் அகச்சிவப்பு அலையைத் தடுக்க முடியாத அளவுக்குச் சிறியது; மூடுபனித் துளி தடுக்கும், புகை தடுக்காது. குடிலுக்குள் கரி அடுப்பு வைப்பதோ அதைவிட ஆபத்து. மூடிய இடத்தில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு விடியற்காலையில் உள்ளே நுழைபவரின் உயிரையே எடுக்கும். அரைகுறையாக எரியும்போது வரும் எத்திலீன் வாயு தக்காளிப் பூவை உதிர்க்கும், கார்னேஷன் மொட்டை விரியவிடாமல் செய்யும்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் பனி அடித்துவிட்டால், உறைந்து விறைத்திருக்கும் இலையைத் தொடாதீர்கள், அறுவடையும் செய்யாதீர்கள். கைபட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். பத்து மணிக்குப் பிறகு தளர்ந்து நிமிர்ந்தால் லெட்டூஸைப் பறிக்கலாம். கருகிய நுனியை உடனே வெட்ட வேண்டாம். அடுத்த பனியை அந்தக் கருகிய இலைகளே தலையில் வாங்கிக்கொள்ளும். வெட்டினால் வரும் இளந்துளிர் முதலில் போகும். பிப்ரவரி இறுதியில் உறைபனி இரவுகள் ஓய்ந்த பிறகு, உயிருள்ள கணு வரை வெட்டி, நீரும் சிறிது உரமும் கொடுங்கள். அதே வாரம் உள்துணியைக் கழற்றித் துவைத்து, வெயில் படாத இடத்தில் சுருட்டி வைத்தால் மூன்று பருவம் வரும். வெயிலில் கிடந்தால் ஒரே கோடையில் பொடிப்பொடியாகி வயல் முழுக்கப் பறக்கும். மண்ணிலிருந்து அதைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
உதகமண்டலம்